ஆட்சேபணைக்கு வெத்தலை பாக்கு

நாப்பத்திரெண்டு வயசு வரைக்கும் நான் உருப்படியா ஒரு காரியம் செஞ்சேன்னு எங்க ஒறம்பரை சனத்துல யாரும் சாட்சி சொல்ல மாட்டாங்க. பம்புசெட் கம்பெனில விக்கற வேலை. விக்கறதுன்னா நானா ஒண்ணும் விக்கலைங்க. கெணத்துல தண்ணி கீழ போனா வெவசாயி அவராவே வந்து வாங்கிட்டுப் போவாரு. நான் பில்லப் போட்டுக் குடுத்துப்போட்டு டீ குடிப்பேன். அப்படியாப்பட்ட ஆளு, தொண்ணூத்தொம்பதாவது வருசத்துல, கடல் தாண்டி யாவாரம் பண்ற ஒரு கம்பெனிக்குப் பாதி ஓனராயிட்டேன். மீதிப் பாதி, அதாவது வேலை செய்யற பாதி, என்ற சம்சாரம்.

யாவாரம் கொள்ளுப்பொடியும் பருப்புப்பொடியும். சம்சாரத்தோட தம்பி அமெரிக்காவுல கம்ப்யூட்டர் வேலைல இருந்தான். ஒருக்கா லீவுல வந்தவன் ரெண்டு கிலோ பொடி கட்டிக்கிட்டுப் போனான். கூட இருந்த பசங்க ஒரே வாரத்துல அத நக்கித் தின்னு தீத்துப்போட்டாங்களாம். இன்னும் வேணும், இன்னும் வேணும்னு அவன் உசுர எடுத்திருக்காங்க. பொறுக்கமாட்டாம கம்ப்யூட்டருக்குள்ளயே அக்காளுக்கு ஒரு கடை தொறந்து உட்டுட்டான். வாடகை இல்ல, ஷட்டர் இல்ல, வாசத் தெளிக்க வேண்டியதில்ல. "மச்சான், சனிக்கெழமை சனிக்கெழமை போயி மெயில் பாத்தாப் போதும்"னான்.

கோயமுத்தூரு காந்திபுரத்துல ஒரு மாடில அப்பத்தான் ஒரு ப்ரவுசிங் சென்டர் வந்திருந்துது. ஏ.சி. ரூம்பு. செருப்ப வெளிய கழட்டிப்போட்டுத்தான் உள்ள போகணும். அதனாலயோ என்னமோ, சம்சாரம் மொத நாளு கோயிலுக்குப் போறாப்ல பட்டுச்சேலை கட்டிட்டு வந்தா. போன் லைன்ல கம்ப்யூட்டரு கூப்புடற சத்தம் இருக்குதுங்களே, தகரக் கூரை மேல நாலு கோழி ஓடறாப்ல ஒரு சத்தம். அது நின்னதும் கண்ணாடில கடை தெரிய ஆரம்பிச்சுது. ஒரேடியா தெரியாது. மேல இருந்து கீழ, ஒரு விரக்கடை ஒரு விரக்கடையா எறங்கும். மொதல்ல மூடி வந்துது. கொஞ்ச நேரங்கழிச்சு கைப்புடி வந்துது. பொறவு கழுத்து. கடைசியா வயிறு. பளபளன்னு முழுசா ஒரு தூக்குப்போசி.

தூக்குப்போசின்னா எங்க பக்கத்துல மூடி போட்டு, தூக்கறதுக்குப் புடி வெச்ச பாத்திரம். காட்டுக்குச் சோறு போறதும் அதுலதான், பால் வாங்கறதும் அதுலதான், கல்யாணப் பந்தில மிச்சமான பாயாசத்த யாருக்கும் தெரியாம கொண்டு வர்றதும் அதுலதான். கடைக்கு அதையே பேரா வெச்சுப்போட்டா. நான் சொன்ன பேரெல்லாம் இங்கிலீசுல, பெருசு பெருசா இருந்துது. ஒண்ணுல 'இன்டர்நேஷனல்'னுகூட வந்துது. அவ அதையெல்லாம் காதுலயே போட்டுக்கல.

சென்டர்ல அந்தப் படம் முழுசா எறங்குனதும் அவ ரெண்டு கையையும் எடுத்து ஒரு கும்புடு போட்டா. எனக்குச் சிரிக்கத்தான் வந்துது. சிரிக்கலைங்க. ஏன்னா என்ற கையும் பாதி வரைக்கும் வந்திருந்துது, நடுவுல சட்டைப் பையச் சரி பண்றாப்ல நடிச்சு எறக்கிட்டேன். எங்கியோ ஒரு ஊருல, நாம தூங்கி எந்திரிக்கற நேரத்துல அவங்க படுக்கப் போற ஊருல, எவனோ ஒருத்தன் இந்தப் போசியப் பாத்துட்டு "எனக்கு அரைக் கிலோ கொள்ளுப்பொடி"ன்னு எழுதியிருக்கான். எழுதுன நேரமும் அதுலயே போட்டிருக்குது. நாங்க சிங்காநல்லூர்ல பஸ் ஏறுன நேரம். நாங்க சில்லறைக்கு கண்டக்டர்கிட்ட மல்லுக்கட்டிட்டு இருந்தப்ப அவன் பசில எங்கள நெனச்சிருக்கான். இத நெனச்சா இப்பவும் எனக்கு முடி சிலுத்துக்கும். முடி இருக்கற எடத்துல.

ஆறு மாசம் இப்படி ஓடுச்சு. ஒரு சனிக்கெழமை மச்சினன்கிட்ட இருந்து மெயில். "மச்சான், பேர ரிஜிஸ்டர் பண்ணிப்போடுங்க. இல்லீன்னா வேற எவனாச்சும் நம்ம பேர எடுத்துக்குவான். அப்பறம் அக்கா அவ பேருல அவளே யாவாரம் பண்ண முடியாது." நான் அதப் படிச்சுச் சொல்லிட்டு, "எடுத்தா எடுத்துட்டுப் போறான் புள்ள, என்ற லிஸ்ட்ல இன்னும் நாலு பேரு மிச்சமிருக்குது"ன்னேன்.

அவ சிரிக்கல. பஸ்ஸுல வர்றப்ப ஜன்னலப் பாத்துட்டே சொன்னா. "ஏனுங்க, ரெண்டு கொழந்தைக்கும் பேரு ஜோசியரு வெச்சாரு. ஊட்டுக்கு உங்க அப்பா பேரு. என்னைய இந்த ஊட்டுல அல்லாரும் அம்மணின்னுதான் கூப்புடறீங்க, என்ற பேரு உங்களுக்கே ரேசன் கார்டு பாத்தாத்தான் நாவகம் வரும். இது நாள் வரைக்கும் நானா பேரு வெச்சது இது ஒண்ணுதானுங்க. இதப் போக்கடிச்சுப்போட்டு வேற பேருல அரைன்னு சொன்னா, நான் அரைக்கல."

அவ்வளவு நீளமா அவ பேசி நான் கேட்டதில்ல. சில்லறைய எண்ணறாப்ல தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

எங்கூரு கோபாலபுரத்துல கோர்ட்டுப் பக்கம் ஒரு வக்கீலு இருந்தாரு. டிரேட்மார்க் வேலை மட்டும் பாக்கறவரு. வத்தலா, மூக்கு நுனில கண்ணாடி. பேரையும் படத்தையும் பாத்துப்போட்டு, "போசியுங்களா?"ன்னாரு. "போசிதானுங்க." "நல்லாருக்குதுங்க. பொடிக்கும் போசிக்கும் நேரடியா சம்மந்தமில்ல. அதனால குடுப்பாங்க." இது எனக்குப் புரியவே இல்ல. சம்மந்தம் இருந்தாத்தானே குடுக்கணும்? அவரு பொறுமையாச் சொன்னாரு. கொள்ளுப்பொடிக்குக் 'கொள்ளுப்பொடி'ன்னே பேரு கேட்டா குடுக்க மாட்டாங்களாம், அது ஊருக்கே சொந்தமாம். யாரும் நெனைக்காத ஒண்ண நீங்க நெனைச்சு வெச்சாத்தான் அது உங்களுது. என்ற சம்சாரம் இதக் கேட்டுட்டு நாற்காலில நிமுந்து உக்காந்தா.

"ஆனா ஒண்ணுங்க," வக்கீலு வெரலத் தூக்குனாரு. "இதே பேரையோ படத்தையோ உங்களுக்கு முன்னாடியே ஒருத்தரு பொடி யாவாரத்துல வெச்சிருந்தாருன்னா, அவருதான் பெரியவரு. ரிஜிஸ்டர் பண்ணாட்டியும் அவருதான். அவரு வந்து ஆட்சேபணை பண்ணுனா நீங்க பேர உட்டுற வேண்டியதுதான். மொதல்ல மெட்ராஸ் போயித் தேடிப் பாத்துட்டு வந்துரலாம்."

ரெண்டு நாளு லீவு போட்டு மூணு பேரும் போனோம். நான் கவர்மென்ட் ஆபீசுன்னா ஃபேனு, ஃபைலு, தூங்கற ஆளுன்னு நெனச்சுட்டுத்தான் போனேன். ஃபேனும் ஃபைலும் இருந்துதுங்க. ஆனா அந்தத் தேடற ரூம்புக்குள்ள போனதும் என்ற வாயி தன்னால மூடிக்கிச்சு. எங்கூட்டுல இத அதிசயம்னு சொல்லுவாங்க.

அலமாரி அலமாரியா பொஸ்தகம். ஒவ்வொண்ணும் நெல்லு மூட்டையத் தூக்கறாப்ல தூக்கணும். எழுத்துக்கு ஒரு வரிசை, படத்துக்கு ஒரு வரிசை. படத்துல மிருகத்துக்கு ஒண்ணு, பறவைக்கு ஒண்ணு, சாமிக்கு ஒண்ணு. பெரட்டுனா யானைங்க. நின்ன யானை, நடந்த யானை, தும்பிக்கைல பூ வெச்ச யானை, சோப்புக் கட்டி மேல ஏறி நின்ன யானை. மயிலுக்குத் தனியா மூணு பக்கம் பாத்தேன். லாந்தரு, கடியாரம், ரெயிலு எஞ்சின், மீசை வெச்ச ஒரு ஆளோட மூஞ்சி, பல்லு தெரியச் சிரிக்கற ஒரு கொழந்தை, வெறும் ஒரு கண்ணு. தீப்பெட்டிக்காரன், பீடிக்காரன், ஊதுபத்திக்காரன், நல்லெண்ணெய்க்காரன். ஒவ்வொரு படத்தையும் சின்னதா வெட்டி ஒட்டியிருந்துது. ஓரத்துல பழைய பசை மஞ்சளாயிருந்துது.

நான் பெரட்டிட்டே வந்தவன் ஒரு எடத்துல நின்னுட்டேன். ஒரு கோழிக்குஞ்சு படம். யாரோ கையில வரைஞ்சது, நல்லாவே இல்ல, வாத்துன்னும் சொல்லலாம். எந்த ஊரோ, ஏதோ பட்டாணிக் கடலை யாவாரம். அந்த மனுசன் இந்தக் குஞ்சுதான்னு முடிவு பண்ண எத்தன நாளு ரோசனை பண்ணியிருப்பான், பொண்டாட்டிகிட்டக் காட்டியிருப்பான், அவ வாத்தாட்டம் இருக்குதுன்னு சொல்லியிருப்பா, சண்டை வந்திருக்கும். எல்லாத்தையும் தாண்டி அந்தக் குஞ்சு இங்க வந்து ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்குது. அவன் செத்தே போயிருக்கலாம். இந்தத் தேசத்துல ஒரு பொட்டிக்கடைக்காரன் 'இது என்னுது'ன்னு சொன்னா, அதக் கேட்டு எழுதி, நம்பர் போட்டு, எடம் ஒதுக்கி வெக்கறதுக்கு ஒரு ரூம்பு இருக்குது. இது எனக்கு நாப்பத்திரெண்டு வருசமாத் தெரியாது. பெரிய கோயில்ல மொத மொத மேல அண்ணாந்து பாத்தப்ப வந்த கிறுகிறுப்பு அங்க எனக்கு வந்துது. ஏ.சி.கூட இல்லாத ரூம்புல.

சம்சாரம் பாத்திரம் இருந்த பொஸ்தகத்தோட உக்காந்துட்டா. கெட்டிலு, கூஜா, கொடம், செம்பு, குத்துப்போணி. ஒவ்வொரு பக்கமா வெரல வெச்சுத் தேச்சுப் பாத்தா. மதியம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா வரல. அங்க இருந்த குமாஸ்தா அம்மா, "நீங்க போய் சாப்பிட்டு வாங்கம்மா, புக் எங்கயும் ஓடிப் போகாது"ன்னாங்க. "நான் போன நேரம் பாத்து யாராச்சும் போசியக் கொண்டாந்து ஒட்டிப்போட்டா?"ன்னு கேட்டா இவ. அந்தம்மா சிரிச்சுட்டு, அவங்க டப்பாவுல இருந்து ரெண்டு இட்லி எடுத்துக் குடுத்தாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு கடைசிப் பக்கத்த மூடுனா. "இல்லீங்க. போசி இல்லீங்க." கண்ணு ரெண்டும் செவந்திருந்துது.

அப்பளிக்கேசன் போட்டாச்சு. ஊரு திரும்பி வந்ததும் வக்கீலு அடுத்து நடக்கறதச் சொன்னாரு. ஆபீசுல பாத்து ஒத்துக்கிட்டா, அவங்க பொஸ்தகத்துல நம்ம பேர அச்சுப் போடுவாங்க. யாருக்காச்சும் ஆட்சேபணை இருந்தா மூணு மாசத்துக்குள்ள சொல்லோணும். அது அச்சாகி வர வருசக்கணக்காகும்.

"அந்தப் பொஸ்தகத்த யாருங்க படிப்பாங்க?"ன்னு கேட்டா சம்சாரம்.

"எங்களாட்டம் வக்கீலுங்க படிப்போம்."

"அப்பப் பொடி யாவாரிக்கு எப்படிங்க தெரியும்?"

"தெரியாது. அதுதான் நமக்கு நல்லதுங்க. நீங்க அது வரைக்கும் வாயத் தொறக்காம இருந்தாப் போதும்."

வக்கீலு சொன்னது இந்த ஒரே ஒரு வேலைதான். வாயத் தொறக்காம இருக்கறது.

ஊட்டுக்கு வந்து ரெண்டு பேருக்கும் சோறு எறங்கல. எங்க பக்கத்து மனுசங்களப் பத்தி உங்களுக்குச் சொல்லோணும். கல்யாணப் பத்திரிக்கைய தபால்ல போட்டா பங்காளி வர மாட்டான். பத்திரிக்கை கெடைச்சுது, தேதி தெரியும், மண்டபம் அவனூட்டுக்கு எதுத்தாப்லதான். இருந்தாலும் வர மாட்டான். ஊடு தேடிப் போயி, தட்டத்துல வெத்தலை பாக்கு பழம் வெச்சு, நின்னு கூப்புடோணும். இல்லீன்னா அவனுக்குச் சொல்லாம செஞ்சதாத்தான் கணக்கு. மெட்ராஸ்ல ஒரு பொஸ்தகத்துல அச்சுப் போட்டுட்டு, கோயமுத்தூர்ல இருக்கற பொடிக்காரங்களுக்குச் சொல்லியாச்சுன்னா, அதுக்குப் பேரு சொன்னதாங்க?

"நாம நேர்ல போயிச் சொல்லிப்போடலாம் புள்ள"ன்னது நாந்தான். பெருமைக்காகச் சொல்லல. குத்தத்த ஒத்துக்கறேன். அவ ஒரு நிமிசம் ரோசனை பண்ணிட்டு, "தட்டத்துக்குக் கல்கண்டும் வெக்கலாமுங்க"ன்னா.

நாலு ஞாயித்துக்கெழமை அலைஞ்சோம். டவுன்ஹால் பக்கம் மூணு கடை, சூலூர்ல ஒரு மில்லு, கோபிசெட்டிபாளையத்துல ஊட்டுலயே பொடி போடற ஒரு அம்மா வரைக்கும் போனோம். "வணக்கமுங்க, நாங்க தூக்குப்போசின்னு பேரு வெச்சுப் பதிவு பண்றமுங்க. உங்களுக்கு ஏதாச்சும் ஆட்சேபணை இருந்தா அவசியம் சொல்லிப்போடோணும்." தட்டத்த நீட்டுனா அல்லாரும் எந்திரிச்சு நின்னு வாங்கிக்கிட்டாங்க. கோபி அம்மா, "மூர்த்தம் எத்தன மணிக்குங்க?"ன்னு கேட்டுச்சு. மூர்த்தம் இல்லீங்க, பேருதானுங்கன்னு சொன்னேன். "பேரு வெக்கற சீருங்களா, என்ன கொழந்தை?"ன்னுச்சு. காப்பி குடிச்சு, மதியச் சோறும் தின்னுபோட்டு, ஆட்சேபணை இல்லாம திரும்பி வந்தோம்.

கடைசியா கோட்டைமேட்டுல ஒரு கடை. அங்க ஒரு பாய் ரொம்ப நாளா மசாலாப் பொடி அரைச்சு விக்கறாருன்னு டவுன்ஹால் கடைக்காரரு சொன்னாரு. கலவரமும் குண்டுவெடிப்பும் ஆனதுல இருந்து, அந்த ரெண்டு வருசமா ஊருக்குள்ள மனுசன மனுசன் பாக்கற பார்வையே மாறிப் போயிருந்துதுங்க. தெரு மொனையில மணல் மூட்டை, செக்போஸ்ட்டு. இதுக்கு முன்னாடி வாரம் ஒருக்கா அந்தத் தெருவுல பிரியாணி வாங்குன நானே அந்தப் பக்கம் போயி வருசம் ரெண்டாச்சு. வெக்கமாத்தான் இருந்துது, சொல்லிக்கறதுக்கு.

செக்போஸ்ட்டுல போலீஸ்காரரு தட்டத்து மேல இருந்த துணியத் தூக்கிப் பாத்தாரு. "என்னங்க இது?"

"வெத்தலை பாக்குங்க. ஒரு ஊட்டுக்குக் கூப்பிடப் போறமுங்க."

"கல்யாணமா?"

"ஆட்சேபணைக்குங்க."

அவரு என்னைய மேல இருந்து கீழ ஒருக்கா பாத்தாரு. எங்க சென்டர்ல படம் எறங்குற வேகத்துல. பொறவு சம்சாரத்தப் பாத்து, "கூட்டிட்டுப் போங்கம்மா"ன்னாரு.

கடைன்னா ஊட்டு முன்பக்கமே கடை. உள்ள மெளகா அரைச்சுட்டு இருந்தாங்க. தும்மிக்கிட்டே போயி நின்னேன். பாய்க்கு அறுவது வயசு இருக்கும், வெள்ளைத் தாடி, பனியன் பூராவும் மஞ்சத்தூள். நான் ஒப்பிக்கற பாட்ட ஒப்பிச்சேன். தூக்குப்போசின்னு சொன்ன எடத்துல அவரு கையி நின்னு போச்சு. உள்ள திரும்பி, அலமாரில இருந்து ஒரு பாக்கெட்டு எடுத்தாந்து தட்டத்துக்குப் பக்கத்துல வெச்சாரு. மல்லித்தூளு. மஞ்சக் காயிதத்துல செவப்பு மையில ஒரு படம். மூடி, புடி, கழுத்து, வயிறு.

தூக்குப்போசி.

"இருவத்தஞ்சு வருசமுங்க," பாய் சொன்னாரு. "எழுதப் படிக்கத் தெரியாத சனங்க படத்தக் காட்டித்தான் கேக்கும். நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. எனக்கு ஆட்சேபணை இருக்குதுங்க."

நான் தட்டத்தப் புடிச்சுட்டே நிக்கறேன். ஆட்சேபணை வந்தா தட்டத்தக் குடுக்கறதா வேண்டாமான்னு நாங்க பழகிட்டு வரலையே. அவருக்கும் கொழப்பம். "ஏனுங்க, ஆட்சேபணை இருக்கறப்ப இத நான் வாங்கலாமுங்களா?"ன்னாரு.

"வாங்கிக்கங்க பாய். கொண்டாந்தத திருப்பிக் கொண்டு போகக் கூடாதுங்க."

வாங்கிக்கிட்டாரு. "கோர்ட்டுக்குப் போனாலும் போவேனுங்க"ன்னாரு, ரொம்ப மருவாதியா.

"அதுலென்னங்க. போறப்பச் சொல்லுங்க, சேந்தே போயிக்கலாம்."

இந்தப் பேச்சுப் பழமை நடக்கறப்ப நான் சம்சாரத்தப் பாக்கவே இல்ல. பாத்தப்ப, அவ அந்த மஞ்சக் காயிதத்தத் தடவிட்டு இருந்தா. மெட்ராஸ்ல பக்கம் பக்கமா தேச்ச அதே வெரலு. "அவிங்களுதுங்க,"ன்னா, எனக்கு மட்டும் கேக்கறாப்ல. "நம்முளுது இல்லீங்க. வாங்க போலாம்."

நான் இருந்த எடத்துலயே சின்னதாப் போயிட்டேன். வாயத் தொறக்காம இருந்திருந்தா அவளுக்கு இந்தக் காயிதமே தெரிஞ்சிருக்காது. அவ கேட்டது ஒரே ஒரு பேரு. அத நானே தட்டத்துல வெச்சுக் கொண்டாந்து குடுத்துப்போட்டேன்.

அப்பத்தான் உள்ள திரைக்குப் பின்னாடி இருந்து ஒரு பொம்பளைக் கொரலு. "ஏங்க, வந்தவங்கள வெயில்ல நிக்க வெச்சா பேசறீங்க? அம்மணி, நீ உள்ள வா கண்ணு."

சம்சாரம் உள்ள போனா. பாயும் நானும் ஸ்டூல்ல எதுத்தாப்ல உக்காந்தோம். மெளகா நெடில ரெண்டு பேருக்கும் கண்ணுல தண்ணி. பாக்கறவங்களுக்கு ஏதோ எழவு ஊடாட்டம் இருந்திருக்கும். உள்ள பேசறது நல்லாக் கேட்டுது.

"உங்க பொடிக்கு இந்தப் பேரு யாரு கண்ணு வெச்சது?"

"நாந்தானுங்க்கா. ஊட்டுல இருந்த போசியப் பாத்து வெச்சேன். உங்களுது இருக்கறது சத்தியமாத் தெரியாதுங்க்கா."

"தெரிஞ்சா தட்டத்தத் தூக்கிட்டு வந்திருப்பியா? எங்கூட்டுல இவரு ரோஸ் மார்க்குன்னு வெக்கறேன்னாரு. மெளகாத்தூளுக்கு எவனாச்சும் ரோசாப்பூ வெப்பானான்னு கேட்டேன். அடுப்படில தொங்கிட்டிருந்த போசியக் காட்டி, இத வெய்யின்னேன்."

பாய் என்னையப் பாத்தாரு. "ரோஸும் நல்லாத்தானுங்க இருந்துது,"ன்னாரு மெதுவா. என்ற லிஸ்ட்டு நாவகம் வந்துது. தலைய ஆட்டுனேன். அந்த நிமிசத்துல அவரு எனக்கு ஒறம்பரை ஆயிட்டாரு.

சம்சாரம் பையில எப்பவும் கொள்ளுப்பொடி டப்பா ஒண்ணு இருக்கும். உள்ள அதத் தொறக்கற சத்தம். பொறவு,

"கொள்ளு நல்லா வறுத்திருக்கற. பூண்டு தோலோட போடறயா?"

"ஆமாங்க்கா."

"ம்ம். நீ மல்லி அரைக்கறயா?"

"இல்லீங்க்கா."

"மெளகா?"

"இல்லீங்க."

"கறி மசாலா?"

"அது எனக்கு வராதுங்க்கா."

"எனக்குக் கொள்ளும் பருப்பும் வராது. சாம்பார் பொடி?"

வெளிய நானும் பாயும் ஸ்டூலு நுனிக்கு வந்துட்டோம். சாம்பார் பொடி போடோணும்னு சம்சாரத்துக்கு நாலு மாசமா ஆசை. அவருக்கும் இருந்திருக்கும் போல, தாடியப் புடிச்சுட்டாரு.

"நீங்களே வெச்சுக்கங்க்கா," சம்சாரம் சொன்னா.

"அதெப்படி. நான் போட்டா உனக்கு வெசனம், நீ போட்டா எனக்கு வெசனம். அது ரெண்டு பேருக்கும் வேண்டாம். நீ கொள்ளு, பருப்பு. நான் மல்லி, மெளகா, மசாலா. என்ற போசி செவப்பு. நீ வேற கலரு வெச்சுக்க. படத்துக்குக் கீழ எந்த ஊட்டுப் போசின்னு பேரப் போட்டுக்க. செரியா?"

"செரிங்க்கா."

அஞ்சு நிமிசம்கூட இருக்காதுங்க. திரும்பி வந்தப்ப என்ற தட்டம் காலியா வரல. ஒரு கிலோ மல்லித்தூளும் ஒரு சீப்பு பழமும் இருந்துது.

அடுத்த நாளு வக்கீலு ஆபீஸ். நாலு ஞாயித்துக்கெழமை கதையச் சொன்னேன். அவரு கண்ணாடியக் கழட்டி மேசை மேல வெச்சாரு. "ஏனுங்க, இந்தத் தொழில்ல நான் தலை நரைச்சவன். ஆட்சேபணைய வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிட்ட ஆள இப்பத்தானுங்க பாக்கறேன். உங்களுக்கு வக்கீலே தேவையில்ல. டாக்டர்தான் வேணும்." பொறவு உள்ள பேசுன பேச்ச சம்சாரம் ஒண்ணு உடாம சொன்னா. அவரு காயிதத்துல எழுத ஆரம்பிச்சாரு. எழுத எழுத நிமுந்து பாத்தாரு.

"சாம்பார் பொடி?"

"ரெண்டு பேருக்கும் இல்லீங்க."

பேனாவ மூடி வெச்சாரு. "அம்மா, நெசமாவே தெரியாம ரெண்டு பேரு ஒரே பேர நல்ல மனசோட வெச்சிருந்தா, ரெண்டு பேருக்குமே குடுக்கறதுக்குச் சட்டத்துல எடமிருக்குது. இன்ன சரக்கு இவருக்கு, இன்ன சரக்கு அவருக்குன்னு பிரிச்சுக்கோணும். அந்தப் பிரிக்கறதுக்குத்தான் நாங்க வருசக்கணக்கா வாய்தா வாங்குவோம். ரெண்டு வக்கீலு உக்காந்து இதப் பேசியிருந்தா என்ற பேரனுக்குக் கல்யாணமே ஆயிருக்கும். அவனுக்கு இப்ப ஆறு வயசு." அவரு கொரல்ல கிண்டல் இல்லீங்க. மெட்ராஸ் ரூம்புல எனக்கு வந்த கிறுகிறுப்பு அவருக்கு இங்க வந்திருந்துது.

அந்த வெள்ளிக்கெழமை தொழுகை முடிஞ்சு பாயும் அவங்க சம்சாரமும் ஆட்டோவுல வந்து எறங்குனாங்க. முத்திரைத்தாள்ல ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தரு எழுதிக் குடுக்கோணும், அதோட பாயும் தனியா ஒரு அப்பளிக்கேசன் போடோணும். அந்த அப்பளிக்கேசன்ல பாய் கையெழுத்துப் போட்டாரு. அவங்க சம்சாரம் சாட்சியா தன் பேர எழுத்துக்கூட்டி எழுதுச்சு. முத்திரைத்தாள்ல வக்கீலு எழுதுனது பூராவும் இங்கிலீசு. ஒவ்வொரு வரியாப் படிச்சு, தமிழ்ல சொல்லிட்டே வந்தாரு. சரக்கு, கலரு, ஊரு, எல்லாம் முடிஞ்சு ஒரு வரில நின்னாரு.

"இது பாயூட்டுல உங்களுக்கு எழுதிக் குடுக்கறதுங்கம்மா. தூக்குப்போசிங்கற இந்தப் பேர, யாரையும் பாத்துக் காப்பியடிக்காம, தன்னோட சொந்த ரோசனைல, நல்ல மனசோட வெச்சது இந்தம்மாதான்." அந்த எடத்துல சம்சாரத்தோட பேர, ரேசன் கார்டுல இருக்கற முழுப் பேர, வக்கீலு நிறுத்திப் படிச்சாரு. "இத நாங்க மனசறிஞ்சு ஒத்துக்கறோம்."

பாயோட சம்சாரம், "ஆமா, ஒத்துக்கறோம்,"னுச்சு, வக்கீலு கேக்காமயே.

என்ற சம்சாரம் சேலைத் தலைப்ப வெரல்ல சுத்திட்டே இருந்தா. "அந்த ஒரு வரிய மட்டும் இன்னொருக்கா படிங்க,"ன்னா.

வக்கீலு படிச்சாரு.

"தமிழ்ல வேண்டாமுங்க. அதுல எப்படி எழுதியிருக்குதோ அப்படியே படிங்க."

அவளுக்கு இங்கிலீசு தெரியாது. வக்கீலு கண்ணாடிய ஏத்தி உட்டுட்டு, கோர்ட்டுல ஜட்ஜுக்கு முன்னாடி படிக்கறாப்ல நிமுந்து உக்காந்து, அந்த வரிய முழுசா இங்கிலீசுல படிச்சாரு. நாங்க நாலு பேரும் கேட்டுட்டு இருந்தோம். அவ பேரு வந்த எடத்துல மட்டும் அவ ஒதடு லேசா அசைஞ்சுது.